8 வயசு பையனுக்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங்காம், முதல்ல வயித்துல பை வச்சே ஆகணுமா?

மேலூர் அம்மா:
பிறந்ததுல இருந்தே இவன் வெளிக்கி ஒழுங்கா போனதில்லங்க, 5 நாள் 6 நாள் ஆகும், வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி கை கால் குச்சியா இருக்கும். மலச்சிக்கல்னு சொல்லி சிரப்பு, எனிமா, விளக்கெண்ணெய்னே இத்தன வருசம் ஓடிப்போச்சு. போன மாசம்தான் மதுரை பெரியாஸ்பத்திரில பேரியம் எக்ஸ்ரே எடுத்து, ஆசனவாய்க்கு உள்ள சதை எடுத்து டெஸ்ட் பண்ணி, கடைசி குடல்ல நரம்பு செல்லே இல்ல, அதுக்குப் பேருதான் ஹிர்ஷ்ஸ்ப்ரங்குன்னாங்க. முதல்ல வயித்துல ஓட்ட போட்டு மலம் வெளிய வந்து சேர ஒரு பை, சில மாசம் கழிச்சு குடல இறக்கி தைக்கிறதாம். பச்சப்புள்ளைங்களுக்கு ஒரே ஆபரேசன்ல முடியுதே, இவனுக்கு ஏன் இப்படி? அவரு வேணவே வேணாங்கிறாரு. எனக்கு தூக்கமே இல்ல.

திருமங்கலம் அப்பா:
தங்கச்சி, என் மகனுக்கு 6 வயசுலதான் கண்டுபிடிச்சாங்க. நரம்பு இல்லாத பகுதி விரிஞ்சு குடுக்காது, அதனால அதுக்கு மேல இருக்குற நல்ல குடல் வருசக்கணக்கா முக்கி முக்கி வீங்கிப் போயிடுது. அவ்ளோ பெரிய குடல கீழ இருக்குற சின்ன வாயோட தச்சா தையல் பிரிஞ்சிரும்னு எங்க டாக்டர் படம் போட்டு காமிச்சாரு. பை வச்சா அது மெல்ல சுருங்கும். பை வைக்காம குடல கழுவி விட்டே சுருங்குனா ஒரே தடவைல பண்றதும் உண்டு, கேட்டுப் பாருங்க. எங்களுக்கு டூஹமெல் முறை, மலக்குடலுக்கு பின்பக்கமா நல்ல குடல இறக்கி ரெண்டையும் சேத்தாங்க. பையோடயே ஸ்கூலுக்கு போனான், ஒரு செட்டு மாத்து டிரஸ் டீச்சர்கிட்ட குடுத்து வச்சோம். பை வச்ச ரெண்டாவது வாரமே தட்டுல சோறு மிச்சம் வைக்கல, அத பாத்து என் வீட்டுக்காரி அழுதுட்டா.

வார்டு நர்ஸ்:
அக்கா, ஆபரேசன் வரைக்கும் வீட்டுல பச்சத்தண்ணி, சோப்புத்தண்ணி எனிமா வேண்டவே வேண்டாம், வீங்குன குடல் அந்தத் தண்ணிய இழுத்துக்கிட்டா ரத்தத்துல உப்பு இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். வாஷ் குடுத்தா நார்மல் சலைன்தான், அதுவும் அவங்க சொல்லிக் குடுத்தபடி. காய்ச்சல், வயிறு உப்புறது, நாத்தமா தண்ணியா போறது இதெல்லாம் வந்தா குடல்ல இன்ஃபெக்சனா இருக்கலாம், விடியட்டும்னு உக்காராதீங்க. ஆபரேசன் முடிஞ்ச பிறகும் இது வரலாம். பை சுத்தி தோலு புண்ணாகாம பாத்துக்கோங்க. தச்ச பிறகு கொஞ்ச மாசம் ஜட்டில கறை படும், புள்ளைய அதட்டிராதீங்க.

மேலூர் அம்மா:
ரொம்ப நன்றிண்ணே, நர்ஸ் தங்கச்சிக்கும். சோப்புத்தண்ணிதான் இவ்வளவு நாளா குடுத்துட்டு இருந்தேன், இன்னிக்கே நிப்பாட்டிட்டேன். அண்ணே, செவ்வாய்க்கிழமை அவரயும் கூட்டிட்டு வர்றேன், அவருகிட்ட நீங்க ஒரு தடவ பேசுவீங்களா?