புதுப்பிப்பு: ஜாஸ் பியானோவில் ஸ்விங் வரவில்லை என்று கேட்டிருந்தேனே, அது

மூன்று மாதம் முன்பு கேட்டது இது: என் எய்த் நோட்டுகள் (ஒரு தட்டுக்கு இரண்டாக வருபவை) ஸ்விங் ஆகாமல், அதாவது ஜாஸுக்கே உரிய அந்த நீள-குட்டை ஊசலாட்டம் வராமல், நொண்டி நடப்பது போல் கேட்கின்றன, என்ன செய்யலாம்? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது மெட்ரோனோம் (சீராகத் தட்டொலி எழுப்பும் கருவி) யோசனைதான். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்துக்கு அதை 60-இல் வைத்து, விழும் ஒலியை இரண்டாம், நான்காம் தட்டாக எண்ணச் சொன்னீர்கள். முதல் வாரம் படுமோசம். என்னையறியாமல் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நழுவிவிடுவேன். இரண்டாம் வாரம் வாயால் பாடிவிட்டு அப்புறம் வாசித்தேன், பிடிபட்டது.

ஜாஸ் பியானோ கலைஞர் வின்டன் கெல்லியைக் கேட்கச் சொன்னதும் உதவியது. அவருடைய சோலோ ஒன்றில் நான்கு பார் (தாளச் சுற்று) மட்டும் எடுத்து, பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கூடவே வாசித்தேன். நான் தட்டில் விழும் நோட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். அவரோ பல இடங்களில் தட்டுகளுக்கு இடையில் வரும் நோட்டை லேசாக அழுத்தி, அடுத்த நோட்டோடு ஒட்டவைக்கிறார்.

எதிர்பாராதது ஒன்று. முதல் நோட்டுக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு என்ற கணக்கு 120-இல் சரியாக இருந்தது. 220-க்குப் போனதும் அதே நொண்டல் திரும்பிவிட்டது. வேகம் ஏற ஏற இரண்டு நோட்டும் கிட்டத்தட்ட சம நீளத்துக்கு வர வேண்டும். இடது கை இன்னும் முந்திக்கொண்டுதான் ஓடுகிறது. அது தனிக் கதை.