பழைய கார்களுக்கு முகப்புக் கிறில் செய்து பூசிக் கொடுப்பது: ஆலோசனை வேண்டும்

கொக்குவில் மைனர்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது. 1954 ஒக்ரோபர் மாதத்துக்குப் பின்னர் வந்த, கிடைச் சட்டங்களாலான முகப்பைக் கொண்ட வகை. எனக்கு முன் வைத்திருந்தவர்கள் கிறிலின் அடிபட்ட ஒவ்வோர் இடத்தையும் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்தே மறைத்திருந்தபடியால், கழற்றிச் சுரண்டியபோது பட்டியும் துருவுமே கையில் வந்தன. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலும் பொருத்தமானது கிடைக்கவில்லை. ஆகவே மெல்லிய உருக்குத் தகட்டை மடித்து நானே ஒன்றைச் செய்து, நிறம் பூசிப் பொருத்தினேன். படங்களை இணைத்திருக்கிறேன்.

அதைப் பார்த்த பழைய கார் ஆர்வலர்கள் சிலர் தங்களுக்கும் செய்து தரும்படி கேட்கிறார்கள். மைனர் வைத்திருப்பவர்கள் இருவர். மற்றவர்களிடம் ஓர் ஒஸ்ரின் கேம்பிரிஜும் ஓர் ஏ40 சமர்செற்றும் உள்ளன. நான் ஆசிரியத் தொழில் பார்ப்பவன். இது விடுமுறை நாட்களில் செய்யும் வேலை மட்டுமே. எனது அட்டை அச்சைக் கொண்டே மற்ற மைனர்களுக்கும் வெட்டலாமா? உருக்கு, அலுமினியம், துருவேறாத உருக்கு ஆகியவற்றுள் நமது உப்புக் காற்றுக்கு எது ஏற்றது? பூச்சை எந்த முறையில் செய்தால் நீடிக்கும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுன்னாகம் ரிங்கர்:

தம்பி, அச்சைப் பற்றிய கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே அச்சு எல்லா மைனருக்கும் சரிவரும் என்று எண்ண வேண்டாம். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அவை ஒரே அளவில் இருந்திருக்கலாம். ஆனால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வராமல் நின்ற தொண்ணூறுகளில், மண்ணெண்ணெயில் ஓடியும், கிடைத்த தகரத்தை வெட்டி ஒட்டியும் நாம் காப்பாற்றி வைத்த கார்கள் இவை. ஒரு காரின் இடது மட்காட் ஒரு கராஜிலும், வலது மட்காட் இன்னொரு கராஜிலும், பொனற் வேறொரு காரிலிருந்தும் வந்திருக்கும். அதனால் இன்று யாழ்ப்பாணத்தில் ஓடும் ஒவ்வொரு மைனருக்கும் அதற்கே உரிய ஓர் அளவு இருக்கிறது. நீர் கார்க்காரரிடம் தொலைபேசியில் அளவு கேட்கவும் வேண்டாம். அவர் கழற்றிக் கொண்டுவரும் பழைய கிறிலை மட்டும் நம்பவும் வேண்டாம். அந்தப் பழைய கிறிலையே யாரோ நெளித்துத்தான் பொருத்தியிருப்பார்கள். காரே உம்முடைய முற்றத்துக்கு வர வேண்டும்.

பொனற்றை முழுதாக மூடிப் பூட்டிய பின்னரே அளவெடுக்க வேண்டும். திறந்து வைத்து எடுக்கும் அளவு பொய் சொல்லும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், பின்னர் மூலைவிட்டங்கள் இரண்டையும் எடுத்துப் பாரும். மூலைவிட்டங்கள் ஒத்துவராவிட்டால் முன்பகுதி கோணியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் நடுக்கோட்டை இரண்டு மட்காட்டுகளுக்கும் இடையிலான பாதி தூரத்தில் குறிக்காமல், பொனற்றின் நடு முகட்டிலிருந்து இறக்க வேண்டும். பார்ப்பவரின் கண் அந்த முகட்டின் வழியேதான் கிறிலுக்கு இறங்கும். பக்கங்களில் உள்ள சிறு வேறுபாட்டை எவரும் கவனிக்க மாட்டார்கள். சுற்றிலும் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, ஆணித் துளைகளை நீள்வட்டமாக அமைத்தால் பொருத்தும்போது நகர்த்திக்கொள்ளலாம். பூச்சுக்கு முன்னர் வெறும் இரும்பாகவே பொருத்தி, இயந்திரத்தை இயக்கி, அதிர்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது அவசியம். பூசிய பின்னர் அரத்தை எடுத்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

இனி உலோகம். நிறம் பூசப்போகும் கிறிலுக்கு 1 மில்லிமீற்றர் சாதாரண உருக்குத் தகடே போதும் என்பது என் முடிவு. துருவேறாத உருக்கு கையால் மடிக்கக் கடினமானது. வெல்டிங் சூட்டில் நெளியும். நன்றாகக் கீறி விடாவிட்டால் பூச்சும் பிடிக்காது. அலுமினியம் இலகுவானதுதான். ஆனால் அதை இரும்பு ஆணியால் காரின் உடலோடு முடுக்கினால், உப்பு ஈரம் படும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கம் அடிக்கடி போய்வரும் கார்களில் இதைப் பார்க்கலாம். அலுமினியம்தான் வேண்டும் என்றால் ஆணிக்கும் தகட்டுக்கும் இடையில் நைலோன் வளையம் வைத்தே முடுக்க வேண்டும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டை மட்டும் அப்படியே வெல்டிங் செய்துவிட வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் போல வரும்.

உம்முடைய படத்தைப் பற்றி ஒன்று. சட்டங்கள் நேர்த்தியாக இருக்கின்றன. ஆனால் தடிப்பாகத் தெரிகின்றன. ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவுக்கு 25 மில்லிமீற்றர் என்றால், 5 மில்லிமீற்றர் தடிப்பில் காற்று புகும் வழி நூற்றுக்கு 80 பங்காக இருக்கும். அதே சட்டத்தை 10 மில்லிமீற்றராக்கினால் 60 பங்காகக் குறையும். வெறும் வீதியில் ஓடும்போது இது தெரியாது. நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போகும்போதுதான் றேடியேற்றர் கொதிக்கும். மடித்த சட்டங்களின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளையும் போட்டுவிடும்.

வண்ணார்பண்ணை, இப்போது இலண்டன்:

கேம்பிரிஜ் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கேம்பிரிஜ் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 1954இல் வந்த ஏ40, ஏ50 வகையின் முகம் வேறு. 1959இல் பினின் ஃபரீனா வடிவமைப்போடு வந்த ஏ55 இரண்டாம் வகையின் முகம் முற்றிலும் வேறு. 1961 முதல் வந்த ஏ60 அதன் வழியில் வந்தது. சமர்செற் 1952 முதல் 1954 வரை மட்டுமே வந்த கார். அதன் முகப்பின் அழகு குரோமில் இருக்கிறது. நிறம் பூசிய உருக்குச் சட்டம் மைனருக்கு இயல்பாகப் பொருந்தும். சமர்செற்றில் அது மாற்று முகமாகவே தெரியும் என்பதை அந்த நண்பருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று: எவ்வளவு பழுதாக இருந்தாலும் மூலக் கிறிலை உரிமையாளர் எறிந்துவிட அனுமதிக்க வேண்டாம். அக்காலக் கார்களின் அலங்காரப் பாகங்கள் பல துத்தநாகக் கலவை வார்ப்புகள். துத்தநாகம் 420 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடுமாதலால், வாயு விளக்கை அதன் மேல் பிடித்து ஒட்ட முயல்வது பாகத்தை இழப்பதற்குச் சமம்.

நெல்லியடிப் பூச்சு வேலை:

சுன்னாகத்து ஐயா பொருத்துவதைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பூச்சோடு நின்றுகொள்கிறேன்.

கிறில் பூசுவது கதவு பூசுவதைவிடச் சிக்கலானது. ஏனென்றால் அதில் தட்டையான பரப்பைவிட விளிம்புகளே அதிகம். கூரான விளிம்பில் ஈரப் பூச்சு தங்காது. இரு பக்கமும் விலகி ஓடி, விளிம்பில் மெல்லிய படலமே மிஞ்சும். துரு தொடங்குவது அங்கேதான். எனவே எல்லா விளிம்பையும் அரத்தால் சற்றே உருட்டிவிட வேண்டும். 180 எமரியால் உலோகத்தைக் கீறி, எண்ணெய்ப் பசை நீக்கி, வெறுங்கை படாமல் அன்றைக்கே இப்பொக்சிப் பிறைமர் (அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். வெறும் இரும்பை ஓர் இரவு வெளியே வைத்தால் நமது ஊரில் காலையிலேயே மஞ்சள் படர்ந்துவிடும். பிறைமர் காய்ந்த பின் மடிப்புகளின் மூட்டுகளில் சீலர் இழுத்து, மேற்பிறைமர் அடித்து, 400இலும் பின்னர் 800இலும் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும்.

அடிக்கும்போது கிறிலைத் தூக்கிக் கட்டி, பின்புறத்தையும் சட்டங்களின் மேல், கீழ் முகங்களையும் முதலில் முடித்துவிட்டு, முன்முகத்தைக் கடைசியாக அடியுங்கள். முன்முகத்தை முதலில் முடித்தால், பின்னர் இடுக்குகளுக்குள் அடிக்கும் தூசிப் படலம் வந்து முகத்தில் ஒட்டிச் சொரசொரப்பாகும். காற்றழுத்தத்தைக் குறைத்து, மெல்லிய பல பூச்சுகளாக அடிப்பது நல்லது.

காலமும் பார்க்க வேண்டும். மாரியில் என்.சி. (நைத்திரோசெலுலோஸ்) பெயின்ற் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு பால் நிறமாக வெளுக்கும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் எவ்வளவு மறைப்புக் கட்டினாலும் புழுதி வந்து சேரும். மாசியும் பங்குனியும்தான் வீட்டு முற்றத்தில் வேலை செய்பவருக்கு வாய்ப்பான மாதங்கள். மற்றக் காலத்தில் என்றால், பனி காய்ந்து காற்று எழுவதற்கு முன்னுள்ள காலை நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

நிறக் குறியீட்டைக் கடையில் கொடுத்துக் கலந்து வாங்கினால், புதிய காருக்குரிய நிறம் வரும். உங்கள் நண்பரின் காரோ வெயிலில் மங்கிய கார். டிக்கியின் உட்புறத்தைப் பார்த்து ஒப்பிடுவதும் அதே காரணத்தால் பிழையாகும். பொனற்றில் ஓரிடத்தைப் பொலிஷ் செய்து, அந்த இடத்தோடு, மட்டையில் அடித்துக் காயவைத்த மாதிரியை வெளிவெயிலில் வைத்துப் பாருங்கள்.

ஹாட்னர் கலந்து அடிக்கும் இரு பாகப் பூச்சு உப்புக் காற்றுக்கு மிகவும் உறுதியானதுதான். ஆயினும் அதிலுள்ள ஐசோசயனேற் நுரையீரலை நிரந்தரமாக ஒவ்வாமைக்கு உள்ளாக்கக்கூடியது. மணத்தால் அதை அறிந்து விலகவும் முடியாது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடி இல்லாத ஆசிரியர் ஒருவர் அதை வீட்டில் அடிக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. அந்தக் கடைசிப் படியை மட்டும் பூச்சுக் கூடம் உள்ள ஒருவரிடம் கொடுத்துச் செய்வியுங்கள்.

கொக்குவில் மைனர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. கேம்பிரிஜ் 1957இல் வந்த ஏ55 என்று நண்பர் உறுதிப்படுத்தினார். சமர்செற் நண்பரோ குரோம்தான் வேண்டும் என்கிறார். சிறு அளவில் வீட்டிலேயே குரோம் பூச முடியுமா? அத்துடன், கூலி வாங்குவதா இல்லையா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

சுன்னாகம் ரிங்கர்:

குரோமை வீட்டில் தொட வேண்டாம், தம்பி. அது ஒற்றைப் பூச்சன்று. செம்பு, நிக்கல், அதன் மேல் மிக மெல்லிய குரோம் என்று அடுக்கடுக்காக மின்முலாம் பூசும் வேலை. அதற்குப் பாவிக்கும் ஆறு வலுவளவுக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது. நமது நிலமோ சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கே போய்ச் சேரும். எங்கள் ஊர்ப்பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தின்னர் கழுவிய தண்ணீரைக் கூட மண்ணில் ஊற்றாமல், கொள்கலனில் விட்டு மூடி வையும். சமர்செற்காரர் தம்முடைய மூலப் பாகங்களை முலாமிடும் தொழிற்கூடம் ஒன்றுக்கு அனுப்பட்டும். நீர் அதற்குப் பின்னால் வரும் தாங்கு சட்டத்தை மட்டும் செய்து கொடும்.

கூலி வாங்கும். தகடு, பூச்சு, எமரி ஆகியவற்றுக்கான பணத்தை முன்பணமாகவே பெற்று, பற்றுச்சீட்டைக் கொடுத்துவிடும். கிறிலைக் கழற்றும்போது அதன் பின்னாலுள்ள தகரமும் உக்கியிருப்பது தெரியவரும்; அதைத் திருத்துவது உம்முடைய வேலையா, அவருடையதா என்பதைக் கழற்றுவதற்கு முன்னரே எழுதி வைத்துக்கொள்ளும். சிநேகிதர்களுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அரியாலை வாசகர்:

இடையில் ஒரு கேள்வி. ஈரப் பூச்சுக்குப் பதிலாகப் பவுடர் கோற்றிங் கொடுத்தால் இத்தனை சிரமமும் தேவைப்படாதல்லவா?

நெல்லியடிப் பூச்சு வேலை:

முழுவதும் வெல்டிங் செய்த உருக்குக் கிறிலுக்குக் கொடுக்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் பவுடரை உருக்கிப் பிடிக்கவைக்கும் அடுப்பின் வெப்பம் 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை போகும். ஈயப்பற்று வைத்து ஒட்டிய சட்டங்கள் அந்த வெப்பத்தில் கழன்று விழும். சாதாரண ஈயப்பற்று 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். பட்டி வைத்து நிரப்பிய இடங்களும் வெடித்து மேலெழும்பும். நிறமும் அவர்களிடம் உள்ள பவுடரில் ஒன்றாகவே இருக்க வேண்டும். மங்கிய பொனற்றோடு ஒப்பிட்டுக் கலக்க வழியில்லை. கறுப்பு, வெள்ளி நிறக் கிறில் கேட்பவர்களுக்கு அதைச் சொல்லுங்கள். உடல் நிறம் கேட்கும் மைனர்காரர் இருவருக்கும் ஈரப் பூச்சுத்தான்.