மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்ளே: 8 வயதில் சிகிச்சை வேண்டுமா?

கேள்வி:
பொண்ணுக்கு 8 வயசு. மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமா முளைச்சிருக்கு. 12 வயசுக்கு மேல கிளிப் போட்டுக்கலாம்னு வீட்டில் சொல்றாங்க. காத்திருக்கலாமா?

பதில் 1:
வேண்டாங்க. இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஒவ்வொரு கடிக்கும் அந்தக் கீழ்ப்பல் வெளியே தள்ளப்படும். ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பிக்கலாம். கீழ் உதட்டை இழுத்துப் பாருங்க. பக்கத்துப் பல்லைவிட அங்கே ஈறு விளிம்பு தாழ்ந்திருந்தால் உடனே காட்டிடுங்க.

பதில் 2:
வரிசையில் இடம் இருந்தால் மேல் அண்ணத்தில் கழற்றி மாட்டும் தட்டே பெரும்பாலும் போதும். பல்லுக்குப் பின்னால் இசட் வடிவ ஸ்பிரிங், முன்பற்கள் மோதாமலிருக்கக் கடைவாய்ப் பற்கள் மேல் அக்ரிலிக் மேடை. மாதம் சுமார் 1 மி.மீ. நகரும். சாப்பிடும்போது கழற்றுவதுதான் பெரிய தப்பு: மேடை இல்லாமல் கடித்தால் கீழ்ப்பல் அந்த மேல்பல்லை மறுபடி உள்ளே தள்ளும். துலக்கும்போது மட்டும் கழற்றட்டும். வெந்நீரில் கழுவாதீங்க, தட்டு வளைஞ்சிடும்.

பதில் 3:
மேல் முன்பற்கள் நாலுமே உள்ளே இருந்து, குடும்பத்தில் நீண்ட கீழ்த்தாடையும் இருந்தால் அது தாடை வளர்ச்சிச் சிக்கலாக இருக்கலாம். இந்தத் தட்டு தீர்க்காது. ஒரே பல் என்றால், வெளியே வந்து கீழ்ப்பல்லை 2 மி.மீ. போல மூடிவிட்டால் கடியே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.