"ஒட்டு மின்னழுத்தம்" வேண்டாம், "திட்டு மின்னழுத்தம்" என்போம்

வணக்கம். இயற்பியல் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும்போது இப்படி ஒரு பரிந்துரை வந்திருந்தது:

> பேட்ச் பொட்டன்ஷியல் = ஒட்டு மின்னழுத்தம்

இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒட்டு என்றதும் சேலத்தில் எங்களுக்கு நினைவுக்கு வருவது ஒட்டு மாங்கன்று. அடுத்தது கிழிந்த சட்டையில் போடும் ஒட்டு. இரண்டுமே வேறிடத்திலிருந்து கொண்டுவந்து சேர்ப்பவை. நாம் பெயர் தேடுவதோ உலோகப் பரப்பிலேயே இருக்கும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வுக்கு. உதாரணத்துக்கு, ஒரு தங்கப் பூச்சு முழுக்கச் சின்னச் சின்னப் படிகங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு முகம் காட்டி நிற்பதால், எலக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவையான ஆற்றல் இடத்துக்கு இடம் மாறும்; அதோடு பரப்பின் மின்னழுத்தமும் மாறும். மேலே படியும் அழுக்கு வெளியிலிருந்து வருவதுதான், சரி. ஆனால் அதைத் துடைத்தாலும் படிக வேறுபாடு போகாது.

காசிமிர் விசையை, அதாவது மின்னேற்றம் இல்லாத பரப்புகள் மிக நெருங்கி நிற்கும்போது குவாண்டம் விளைவால் அவற்றுக்கிடையே எழும் விசையை, அளப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. 1948-இல் இயற்பியலாளர் காசிமிர் தந்த சூத்திரப்படி, வெற்றிடத்தில் 1 மைக்ரான் இடைவெளியில் நிற்கும் இரண்டு இணைத் தட்டுகளுக்கு நடுவே உள்ள இழுப்பு சதுர மீட்டருக்கு 0.0013 நியூட்டன்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: தட்டுகளுக்கிடையே 17 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே மின்விசை அதற்குச் சமமாகிவிடுகிறது. கம்பியால் இணைத்தாலும் இந்த வேறுபாடு முழுதாக மறையாது. எதிர் மின்னழுத்தம் கொடுத்துச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். ஒரே அளவு எல்லா இடத்துக்கும் பொருந்துமா? 1997-இல் லாமரோ என்ற இயற்பியலாளர் முறுக்கு ஊசலைக் கொண்டு காசிமிர் விசையை அளந்தபோதும் மின்விசையைத் தனியே பிரித்துக் கழிக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பாலிஷ் போட்டு வைத்த ஒரு கொலுசைப் போன வாரம் எடுத்துக் காட்டினார். வளையங்களின் முதுகு பளபளவென்று இருந்தது, இடுக்கெல்லாம் கறுத்திருந்தது. "திட்டுத் திட்டா கறுத்துப் போச்சு பாருங்க" என்றார். அந்தக் கறுப்பு காற்றிலுள்ள கந்தகத்தால் வருவது, நம் விஷயம் வேறு. ஆனால் ஒரே பரப்பில் இடத்துக்கு இடம் மாறிக் கிடப்பதைச் சொல்ல அவர் வாயில் தானாக வந்த சொல் திட்டு. அதனால்தான் திட்டு மின்னழுத்தம் என்கிறேன். "திட்டுகளின் சராசரி அளவு" என்றெல்லாம் எழுதவும் இது வளைந்துகொடுக்கும்.

அப்புறம், காசிமிர் விசைக்கு "வெற்றிட ஈர்ப்பு" என்று பெயர் வைப்பதும் சரிப்படாது. 2009-இல் புரோமோபென்சீன் திரவத்துக்குள் தங்கத்துக்கும் சிலிக்காவுக்கும் நடுவே விலக்கு விசையையே அளந்துவிட்டார்கள். காசிமிர் பெயரே இருக்கட்டும்.

சரிக்கட்டக் கொடுக்கும் அந்த எதிர் மின்னழுத்தத்துக்கு "ஈடுசெய் மின்னழுத்தம்" பொருந்துமா?