குழித்தறிக் குடும்பத்துக்கு மூன்றாம் மாடியில் வீடு: மாநில ஆலோசனைக் குழுவுக்கு எழுதினால் பலன் உண்டா?

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
சேலம் அம்மாப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பா இன்னும் தரையில் தோண்டிய குழிக்குள் கால் வைத்து உட்காரும் குழித்தறியில்தான் நெய்கிறார், அம்மா தார் சுற்றுவதும் (நாடாவுக்கு நூல் சுற்றுவது) அதே கூடத்தில்தான். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் மூன்றாவது மாடியில் குழியை எங்கே தோண்டுவது? தறியை விட்டுவிட்டுப் போனால் வீடு இருக்கும், சோறு இருக்காது. மாநில திட்டக் குழுவுக்கு எழுதிப் போடு, கொள்கைக்கு யோசனை சொல்வதே அவர்கள்தான் என்கிறார் ஒருவர். ஆலோசனைக் குழு என்றால் டீ, பிஸ்கட்டோடு முடிகிற கூட்டம் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

ஓய்வூதியர்_அஸ்தம்பட்டி:
தம்பி, இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மாநில திட்டக் குழு 1971ல் வந்தது, முதலமைச்சர்தான் தலைவர். ஆனால் ஒரே ஒரு வீட்டை ஒதுக்கக்கூட அதற்கு அதிகாரம் கிடையாது. ஆய்வு செய்து அறிக்கை கொடுக்கும், அவ்வளவுதான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபின் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு மிச்சமாகிறது என்று ஆராய்ந்தது அவர்கள்தான். ஏற்பதும் ஏற்காததும் துறையின் பாடு. ஆனாலும் இப்படி ஓர் அறிக்கை கையில் இருந்தால், நிதித்துறை "எதற்கு இந்தச் செலவு" என்று கோப்பைத் திருப்பும்போது துறைக்குச் சொல்லப் பதில் இருக்கும்.

இப்போது உங்கள் விஷயம். 2015ல் வந்த 'அனைவருக்கும் வீடு' திட்டத்தில் நலிந்த பிரிவினர் வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரை, நம் கணக்கில் சுமார் 323 சதுர அடி. மத்திய அமைச்சகத்தின் இசைவோடு மாநிலம் அந்த அளவை மாற்றிக்கொள்ளலாம் என்று வழிகாட்டு நெறிமுறையிலேயே இடம் இருந்தது. 2024ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 45 சதுர மீட்டர் வரை போகலாம் என்றாகிவிட்டது. ஆக, அளவெல்லாம் மாறக்கூடியதுதான், ஆனால் ஏன் மாற்ற வேண்டும் என்று யாராவது ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆலோசனைக் குழு உதவுவது அந்த இடத்தில். அப்புறம் தலைமைச் செயலாளர் தலைமையிலான மாநில ஒப்புதல் குழு, அதற்கும் மேலே டெல்லி.

சொந்தமாகப் பட்டா இடம் இருந்தால் நீங்களே கட்டிக்கொள்ள மத்திய அரசின் பங்காக 1.5 லட்சம் வாங்கலாம். வாடகைக்காரருக்கு அந்த வழி இல்லை, அதனால்தான் மாடி வீட்டில் வந்து நிற்கிறது.

கொலுசுப்பட்டறை:
சார் சொல்வது காகிதத்தில் சரி. சிவதாபுரத்தில் வந்து பாருங்கள், பாதி வீடுகளில் முன்னறைதான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பற்ற வைக்கிற நெருப்பு, மெருகு போட அமிலம், இதை வைத்துக்கொண்டு நாலாவது மாடியில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? கருத்துக் கேட்புக் கூட்டம் என்று போடுவதோ வேலை நாளில் காலை 11 மணிக்கு. கூலிக்காரன் எவன் வருவான்? சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் வேலைக்குப் போய்வர என்ன பாடுபட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். அதற்கு முன்னால் ஒரு குழுவும் யோசனை சொல்லாமலா இருந்திருக்கும்?

மலைமேல்_ஒருவன்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் விலகிப் போனால் மன்னிக்கவும். எங்களைப் போன்ற பழங்குடியினருக்கென்று அரசியல் சட்டத்திலேயே ஓர் ஆலோசனைக் குழு உண்டு, ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு. 20 பேருக்கு மிகாமல் உறுப்பினர்கள், அதில் முக்கால்வாசி பழங்குடி எம்.எல்.ஏ.க்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகளே ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டுதான், அதனால் மீதி இடங்களைச் சமூகத்தில் மற்றவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். ஆளுநர் அனுப்பிய பொருள் பற்றி ஆலோசனை சொல்வதுதான் அதன் கடமை என்று சட்டம் சொல்கிறது.

அங்கே பேச வேண்டியது நிறைய. 2023ல் வந்த மத்திய அரசின் பிஎம் ஜன்மன் திட்ட வீடு தொன்மையான பழங்குடிகளுக்கு மட்டும்தான், இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் இல்லை) அந்தப் பட்டியலில் இல்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தவரை அதன்படி முதலாளிதான் வீடு தர வேண்டியிருந்தது, சரி, வேலையை விட்டு நின்ற பிறகு? செங்கல்லும் மணலும் கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் லாரி வாடகையே கண்ணைக் கட்டுகிறது. கீழே உட்கார்ந்து மதிப்பீடு போடுகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
நன்றி. அப்படியானால் மனுவை யார் பெயரில், எங்கே கொடுப்பது?

ஓய்வூதியர்_அஸ்தம்பட்டி:
தனி மனுவாகப் போட்டால் "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு பதில் வரும், அதோடு சரி. உங்கள் கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். எத்தனை குடும்பம் வாடகையில் இருக்கிறது, எத்தனை குழித்தறி, ஒரு தறிக்கு எவ்வளவு நீள அகலம், குழி எவ்வளவு ஆழம், இதை வரைபடத்தோடு எழுதுங்கள். கேட்பதையும் குறிப்பாகக் கேளுங்கள்: தரைத்தள வீடுகளில் நெசவாளருக்கு முன்னுரிமை, இல்லையென்றால் வளாகத்திலேயே பொதுத் தறிக்கூடம். பழைய சேலத்தில் பாவு (தறியின் நீளவாட்டு நூல்) ஓட்டப் பாவடி என்று பொது இடமே விட்டிருந்தார்களே, அதையும் சேர்த்து எழுதுங்கள். நகல்கள் கைத்தறித் துறைக்கும், வாழ்விட வாரியத்துக்கும், திட்டக் குழுவுக்கும் போகட்டும். கொலுசுக்காரர்களும் தனியாக ஒன்று போடலாம், இதிலேயே கலக்க வேண்டாம், துறை வேறு.

கொலுசுப்பட்டறை:
போடுகிறோம் சார். வரைபடம் போட ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோதாக இருக்கும்.