மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்தைத் திறக்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மண்டபப் பொறுப்பாளர் (கேள்வி), பிப்ரவரி 2022

மார்த்தாண்டம் பக்கம் 600 பேர் உட்காரும் மண்டபம். 2021 மே ஊரடங்கில் பூட்டியது. பெருக்கித் துடைத்ததோடு சரி. இப்போது கல்யாணத்துக்கு 200 பேர் வரை கூடலாம் என்று தளர்வு வந்திருக்கிறது. மார்ச் 2-ல் கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்பு தொடங்குவதால் கோவில் (சர்ச்) கல்யாணங்கள் இல்லை. முதல் புக்கிங் ஏப்ரல் 17 ஈஸ்டருக்கு அடுத்த வாரம். 62.5 கேவிஏ ஜெனரேட்டர், கிணறு, 10,000 லிட்டர் மேல்தொட்டி, கேஸ் அடுப்புகள் உண்டு. எதில் தொடங்க? தள்ளிப்போன கல்யாணத்தின் அட்வான்ஸை ஒருவர் திரும்பக் கேட்கிறார், அதையும் சொல்லுங்கள்.

தக்கலை டீசல்

அண்ணாச்சி, ஜெனரேட்டரில் நேராகச் சாவியைத் திருகிவிடாதீர்கள். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே என்றால் மெதுவாக சார்ஜ் ஏற்றுங்கள். ஏற்றியும் மறுநாள் இறங்கினால் மாற்றிவிடுவதே நல்லது, கல்யாண நாளில் அது கைவிடும்.

அடுத்து டீசல். நம் ஊர் ஈரக்காற்றில் பாதி காலியான டேங்கின் உள்சுவரில் நீர் வியர்த்து அடியில் தங்கும். டீசலும் நீரும் சேரும் இடத்தில் பூஞ்சை வளரும். அடி வடிகாலைத் திறந்து ஒரு லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி வையுங்கள். அடியில் தண்ணீர் மட்டும் நின்றால் வடித்துவிட்டால் போதும். கறுப்பாய்க் கொழகொழவென்று வந்தால் டேங்கை முழுக்கக் காலி செய்து கழுவ வேண்டும். புதிய பில்டரை அதற்குப் பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் ஒரே நாளில் அடைக்கும். போட்டதும் லைனில் ஏர் எடுக்க, அதாவது சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

எஞ்சின் ஆயில் ஓடாமலே கிடந்தாலும் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டியது. ஆயில் மேலேறுவதற்காக எஞ்சின் பற்றாதபடி ஸ்டாப் நிலையில் வைத்து 10 நொடி வீதம் மூன்று தடவை செல்ஃப் அடியுங்கள், இடையில் அரை நிமிடம் விட்டு. மின்சாரம் தரும் பாகமான ஆல்டர்னேட்டரில் ஈரம் ஏறியிருக்கலாம். ஏவிஆர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் கருவி) ஒயரைக் கழற்றிவிட்டு மெகர் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; 1 மெகாஓமுக்குக் குறைந்தால் உள்ளே பல்பு வைத்து ஓரிரவு உலர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். நவம்பர் மழையில் தண்ணீர் ஏறிய இடம் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

பிறகு ஏசி, விளக்கு, மோட்டார் எல்லாம் போட்டு அரைமணி ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் எஞ்சின் போதிய சூடேறாமல், எரியாத டீசல் புகைக்குழாயில் பிசினாய்ப் படியும். மாதம் ஒருமுறை லோடோடு ஓட்டியிருந்தால் இந்த வேலையில் பாதி இருந்திருக்காது.

நாஞ்சில் கலவறை

தண்ணீர்தான் முதல் வேலை என்பேன். பந்தியில் ஒரே ஒருவருக்கு வயிறு கெட்டாலும் மண்டபத்தின் பெயர் போய்விடும்.

மேல்தொட்டியை வடித்து, அடிச்சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துவிட்டு நிரப்புங்கள். 10,000 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ பிளீச்சிங் பவுடர், புதிதாகப் பிரித்த பை. பழைய பையில் சத்து போயிருக்கும், அளவு சரியாய் இருந்தும் பலன் இராது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். கடைசிக் குழாய்வரை ஒவ்வொன்றாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். ஓரிரவு நின்றபின் வடித்துப் புதுத்தண்ணீர். கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம்: 3 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் தண்ணீரும் இருந்தால் சுமார் 14,000 லிட்டர், 35 கிராம் போதும்.

கேஸ் அடுப்பில் தீ மஞ்சளாய் எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் கேஸ் அளவை மாற்றும் ஊசியை முறுக்கிப் பார்க்காதீர்கள். காற்று புகும் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்து வெடிப்பிருந்தால் மாற்றுங்கள், இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துச் சோதியுங்கள். செம்பு, பித்தளை அண்டாக்களில் உள்பூச்சான வெள்ளீயம் போயிருந்தால் பூசாமல் ரசமும் புளிசேரியும் (புளித்த மோர்க் குழம்பு) வைக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் இருபது பேருக்காவது ஒருநாள் சமைத்துப் பாருங்கள்.

கணக்கர்

அட்வான்ஸ் விஷயம். தேதியை மட்டும் மாற்றுகிறார் என்றால் அட்வான்ஸ் வாங்கியபோது கட்டிய 18% ஜிஎஸ்டி அப்படியே நிற்கும், கடைசி பில்லில் கழியும். பணமே வேண்டும் என்றால், இன்வாய்ஸ் போடாதவரை ரீஃபண்ட் வவுச்சர் கொடுத்துத் திருப்பி, வரியை ரிட்டர்னில் சரிசெய்யுங்கள். மண்டபமே திறக்கத் தடை இருந்த தேதி என்றால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகள் (நடத்த முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது, வாங்கியதைத் திருப்ப வேண்டும் என்பவை) அவர் பக்கம்தான் நிற்கும், இழுத்தடிக்காதீர்கள். 50 பேரோடு நடத்தலாம் என்று அனுமதி இருந்த தேதிகளில்தான் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு.

இன்னொன்று. ஸ்ப்ளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும், வெளிக்காற்று வராது. சாப்பாட்டு ஹாலில் ஏசியை நிறுத்தி இருபக்க ஜன்னலும் திறந்து, ஒருபக்கம் எக்ஸாஸ்ட் ஓடட்டும். சாப்பிடும்போது யாரும் மாஸ்க் போட முடியாதே. 50 பேர் வீதம் நான்கு பந்தி. இலை எடுத்துத் துடைப்பதோடு பந்திக்கு 40 நிமிடம் வைத்தால் இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மண்டபப் பொறுப்பாளர்

நன்றி. தொட்டியில் வடிக்கும் அந்தக் குளோரின் தண்ணீரைக் கழிவறை வழியாக விடலாமா? மண்டபத்துக்குப் பின்னால் குளம் இருக்கிறது.

நாஞ்சில் கலவறை

இரண்டும் வேண்டாம். செப்டிக் டேங்கில் போனால் கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர் செத்து, கூட்டம் வந்த முதல் நாளே நாறும். குளத்தில் போனால் மீன் சாகும். தொட்டி மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயில் படவிட்டு, வாடை போனதும் வெறுந்தரையில் மெல்ல விடுங்கள்.