அஞ்சலட்டைக்குள் அடங்கிய நூல்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: படித்த நூலின் சாரத்தை ஓர் அஞ்சலட்டைக்குள் எழுதிவந்து வாசிக்க வேண்டும். நான் முதலில் எடுத்துக்கொண்டது, கடலோடிகளின் ஈறுகளை அழுகச் செய்து உயிரைப் பறித்த ஸ்கர்வி நோயின் வரலாறு. பக்கம் பக்கமாக எடுத்த குறிப்புகளை அடித்துத் திருத்திக் குறைத்து, "ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வியைத் தீர்க்கும்" என்ற ஒற்றை வரியாக்கி, மனநிறைவோடு வாசித்தேன்.

எங்களுள் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பழம்தான் தீர்த்தது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள், தம்பி?" என்று கேட்டார். 1747இல் சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில், மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே உணவளித்து, மருந்தை மட்டும் மாற்றி, ஓரிணைக்கு வினிகர், ஓரிணைக்குக் கடல்நீர், ஓரிணைக்குப் பழங்கள் என ஆறு வகையாகக் கொடுத்ததையும், ஆறே நாளில் பழம் தீர்ந்துபோன போதிலும் அதை உண்ட இருவரே மற்றவர்களைவிட நன்றாகத் தேறியதையும் சொன்னேன். "இவ்வளவு அருமையான செய்தி அட்டையில் இல்லையே, ஐயா!" என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நன்னூல் பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்து, அடுத்ததாகவே விளங்க வைத்தலைச் சொல்கிறது என்றும், பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல் என்றும் அவர் நினைவூட்டினார். பள்ளியில் மனப்பாடம் செய்த வரிகள்தாம். ஆனால் சுருக்கத்துக்கும் குறைவுக்கும் உள்ள வேற்றுமை அன்றுதான் எனக்குப் புரிந்தது. அங்கேயே அமர்ந்து, "ஒரே நோய், ஒரே உணவு, ஆறு மருந்து, பழம் உண்ட இருவரே நன்கு தேறினர்" என்று மாற்றி எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் அதே நூலிலிருந்து இன்னொரு செய்தியையும் சொன்னேன். நெடும்பயணத்தில் பழம் கெட்டுவிடும் என்பதால், அதன் சாற்றைச் சூடாக்கிப் பாகாகச் சுண்ட வைத்து எடுத்துச் செல்லலாம் என்று லிண்ட் பரிந்துரைத்தார். நோயைத் தீர்க்கும் சத்தோ அந்தச் சூட்டிலேயே பெரும்பகுதி அழிந்துபோயிற்று. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல், தம் பையில் பத்திரப்படுத்தியிருந்த என் முதல் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.